சீகைப் பட்டையும் சிலோன் அக்காவும்

அக்கா கடைக்குள் வந்தால் முதலில் என்னைப் பார்க்க மாட்டார். புதிதாக என்ன சரக்கு இறங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். கண்ணில் பட்டதும் விரலை நீட்டுவார்.

"இது எந்த ஊரு பாய்?"

பூண்டு, குடை, பிளாஸ்டிக் வாளி, பக்கத்துப் பழக்கடையில் ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கியிருக்கும் ஆப்பிள், எதுவானாலும் அதே கேள்வி. விலையை அப்புறம்தான் கேட்பார். சில நாள் கேட்கவே மாட்டார். பதில் வரும்வரை இடத்தை விட்டு அசையவும் மாட்டார். "சைனா அக்கா" என்று சொன்னால் தொண்டைக்குள் ஒரு "ம்". பிறகு அடுத்த கேள்வி வரும்.

"இதுக்கு யாரு சீட்டு குடுத்தா?"

சீட்டு என்று அவர் சொன்னது, கப்பல் ஏற அரசாங்கம் கொடுக்கும் அனுமதியை. அந்தச் சீட்டுக்காக அவருடைய குடும்பம் இலங்கையில் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது. வாளிக்கும் ஆப்பிளுக்கும் மட்டும் எப்படி உடனே கிடைக்கிறது என்று அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. கிண்டலுக்குக் கேட்கவில்லை. நான் பேசாமல் நின்றால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் கொடைக்கானல் பஜார் முழுக்கக் கேட்கும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்தது. பஜாரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சிலோன் அக்கா. எந்த ஊர் அவரை வெளியே தள்ளியதோ, அந்த ஊரையே அவர் நெற்றியில் ஒட்டிவைத்தோம். அப்படிக் கூப்பிட்டால்தான் அவரும் திரும்பிப் பார்த்தார். இப்போது அவர் இல்லை. இனிமேல் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அத்தா திண்டுக்கல்லில் இருந்து இந்த மலைக்கு ஏறியது பட்டை வாங்கி விற்க. தோலைப் பதப்படுத்த மரப்பட்டை வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் பாதிப் பதம் போட்ட தோல் சென்னைக்குப் போய், கப்பலேறி, மீதிப் பதத்தை இங்கிலாந்தில் வாங்கிக்கொள்ளும். பூட்ஸாகவும் பெட்டியாகவும் மாறி நம்மிடமே விற்பனைக்கு வரும். லாபம் எந்தக் கரையில் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம் பட்டை போதாதபோது தென்னாப்பிரிக்காவில் இருந்து சீகைப் பட்டை, இங்கிலீஷில் வாட்டில் என்கிற மரத்தின் பட்டை, வந்தது. அதுவும் வெள்ளைக்காரன் தோட்டம்தான், வெள்ளைக்காரன் கப்பல்தான்.

நாடு விடுதலையாகிற சமயத்தில், கறுப்பு மக்களை மிதித்து ஆளும் அந்த நாட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று நம் நாடு முடிவு செய்தது. நல்ல முடிவு. அதைக் குறை சொல்கிறவனோடு நான் டீ கூடக் குடிக்க மாட்டேன். ஆனால் தோல் ஷாப்புக்குப் பட்டை வேண்டுமே. பழனி மலையில் மேலே புல்வெளி சும்மாதானே கிடக்கிறது என்று எங்கோ ஒரு மேஜையில் பேசி முடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் விறகுக்காக அங்கங்கே வைத்துவிட்டுப் போன சீகை மரத்தை மலை மலையாக நட்டார்கள். புல்லும் சோலைக்காடும் போயின. மரம் வளர்ந்தது. அப்புறம் உரிக்க ஆள் தேவைப்பட்டது.

அந்த நேரத்துக்கு ஆளும் கிடைத்தது. இலங்கை விடுதலையானதும், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றது அந்த நாடு. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டார்கள்.

"தேயிலப் பெட்டியக் கூட மோந்து பாத்துத்தான் பாய் பிரிப்பாங்க. எங்கள யாரும் மோந்துகூடப் பாக்கல" என்று அக்கா சொன்னார்.

துறைமுகத்தில் அவருடைய அப்பாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார்களாம். இந்தக் கரையிலும் கேட்டார்களாம். அவர் தன் பாட்டன் சொல்லக் கேட்ட ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். பழனிப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அந்தக் கிராமத்தில் யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. முகாமில் கிடந்து, கடைசியில் மேல்மலையில் சீகைக் காட்டு ஓரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். வரிசையாகத் தகர வீடுகள். பட்டைக் காலனி என்று பெயர். அக்காவுக்கு அப்போது இளம் வயது.

காலனிக்குப் பட்டை எடுக்கப் போகும்போதுதான் எனக்குப் பழக்கம். சீகைப் பட்டை மழைக்காலத்தில்தான் சுலபமாகக் கழன்று வரும். ஈரத்தில் நின்றுகொண்டே உரிக்க வேண்டும். பட்டையின் சாறு அரிவாள் இரும்போடு சேர்ந்து கையில் கறுப்பாக ஏறிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அக்கா அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார்.

"பாத்துக்கங்க. தோல் ஷாப்புக்குப் போகாமலே பதமாயிருச்சு."

அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இனி யாரும் வந்து எழுப்பிவிடாத ஒரு வீடு. இலங்கையை விட்டுக் கிளம்பிய அன்று அவருடைய அம்மா தோட்டத்து லய வீட்டு அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு வந்தாராம். அந்தச் சத்தத்தை அக்கா மறக்கவேயில்லை. பட்டைக் காலனி வீட்டில் தானே மண் குழைத்து அடுப்புப் போட்டார். எப்போது போனாலும் அதில் கங்கு கிடக்கும். சாம்பல் மூடி வைத்திருப்பார், அணைக்க மாட்டார்.

"இந்த அடுப்புல நான் தண்ணி ஊத்த மாட்டேன் பாய். யாரு வந்தாலும் சரி."

வெள்ளனே எழுந்து வீட்டு வாசலில் நிற்பார். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் போய் நிற்பதைப் பெரட்டு என்பார்கள். இங்கே பெரட்டும் இல்லை, கங்காணியும் இல்லை. ஆனாலும் நிற்பார். சும்மா நின்று காலனிக்காரர்களைத் திட்டி எழுப்புவார். "ஏலே, வெரசா கெளம்பு, மரம் வந்து ஒன் வீட்டுக் கதவத் தட்டுமா?" எல்லோருக்கும் எரிச்சல்தான். அவர் இல்லாத நாளில் காலனியில் பாதிப் பேர் வேலைக்கே போக மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

அத்தா காலமான பிறகு அவருடைய பட்டை டிப்போவை நான் பார்த்துக்கொண்டேன். தோல் ஷாப்புகளில் ரசாயனம் புகுந்து பட்டைக்கு மவுசு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் லாரியில் பட்டையோடு திண்டுக்கல் போனேன். வழக்கமாக வாங்கும் முதலாளி சரக்கை இறக்கச் சொல்லவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சுவர் நெடுக மூட்டைகள். அவிழ்த்துக் காட்டினார். செம்பழுப்பு நிறத்தில் தூள். சீகைப் பட்டையைக் காய்ச்சி வடித்து எடுத்த தூள். தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்தது.

"அங்க ஆட்சி மாறிப்போச்சுல. இப்ப வாங்கலாம். ஒம் பட்டைய ஊறவச்சு அலசி எடுக்க எனக்கு ஆள் இல்ல. இது அளந்து போட்டா சோலி முடிஞ்சது" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. லாரியைத் திருப்பிக்கொண்டு மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்தத் தூளில் கொஞ்சம் ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்திருந்தேன். நேரே காலனிக்குப் போய் அக்காவிடம் நீட்டினேன்.

"இது எந்த ஊரு?" என்றார்.

"ஆப்பிரிக்கா அக்கா. நம்ம சீகைதான்."

விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். "அங்கிட்டு இருந்து வாங்கக் கூடாதுன்னுதான இங்கன நட்டாங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா. இப்ப அங்கயும் சுதந்திரம் வந்துருச்சு. கறுப்பு ஆளுங்க ஆட்சி. அதனால வாங்கலாம்னு ஆயிருச்சு."

அக்கா கையில் ஒட்டிய தூளைச் சேலையில் துடைத்தார்.

"நல்லதுதான் பாய். அவங்களும் எங்கள மாதிரி அடிபட்ட சனந்தான? அவங்களுக்கு வரட்டும். ஆனா சிலோனுக்குச் சுதந்திரம் வந்தப்ப எங்கப்பனுக்கு ஊரு போச்சு. இப்ப ஆப்பிரிக்காவுக்கு வந்துருக்கு, எனக்கு வேல போச்சு. எவனுக்காச்சும் சுதந்திரம் கெடைக்கிறப்பல்லாம் நான் ஏன் பாய் மூட்டையக் கட்டணும்?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். பெரிய கட்டடங்களில் ஏசி போட்டு இருப்பார்கள். ஒருத்தரும் பட்டைக் காலனிக்கு வந்து சொல்லவில்லை. மரம் நடச் சொன்ன மேஜை, பட்டை விற்காது என்று தெரிந்ததும் இவர்களைக் கைகழுவிவிட்டது. காலனிக்காரர்கள் விறகு வெட்டினார்கள், கேரட் காட்டில் கூலிக்குப் போனார்கள், ஓட்டல்களில் பாத்திரம் கழுவினார்கள். அக்கா கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீடுகளுக்கு விறகு கொண்டுவந்து போட்டார். அதோடுதான் என் கடைக்கும் வருவார்.

நானும் வேறு ஆளாகியிருந்தேன். டிப்போவை மூடிவிட்டு பஜாரில் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மசாலா சாமான், குடை, வாளி என்று விற்க உட்கார்ந்துவிட்டேன். கடை வாசலில் 'கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட்' என்று பெரிதாக போர்டு. ஒரு சீசன் நாளில் சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்திருந்தது. அக்கா விறகுக் கட்டை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். விரலை நீட்டினார்.

"இது எந்த ஊரு?"

"இந்த ஊருதான் அக்கா" என்றேன்.

"கொக்கோ மரம் இங்க எங்க கெடக்கு? நான் பாக்காத காடா?"

"கட்டியா கீழேருந்து வருது. உருக்கி அச்சுல ஊத்துறது இங்க."

"கீழ எங்கேருந்து வருது?"

எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் இருந்து அட்டைப்பெட்டியில் வரும். அதற்கு முன்னால் எந்தத் தேசத்தில் எவன் பறித்தான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சென்னைக்காரர்கள் எடுத்த பெட்டியில் பாதியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அக்கா, ஏன் என் பொழப்பக் கெடுக்குறீங்க?"

"ஒங்க பொழப்பு எந்த ஊரு பாய்?" என்று கேட்டுவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வந்தார், விரலை நீட்டினார், கேட்டார், போனார்.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் கழித்துத்தான் அந்தக் கூட்டம். சீகை மரங்கள் மலையைக் கெடுக்கின்றன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி புல்வெளியும் சோலையும் கொண்டுவர வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அது பொய்யில்லை. ஓடைகள் வற்றியதை நானே பார்த்திருக்கிறேன். காலனிக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. காலனி ஆட்களுக்கு எல்லா ஆபீஸும் ஒரே நாற்காலிதான். வெளியூரில் இருந்து வந்த ஓர் இளைஞர், நல்ல பையன், திரையில் படம் போட்டுக் காட்டினார். இது மண்ணின் மரம், இது அந்நிய மரம். அந்நிய மரம் தண்ணீரை உறிஞ்சும், பரவும், இங்குள்ளதை வாழ விடாது. சீகைப் படம் வந்தபோதெல்லாம் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு விழுந்தது.

அதற்கு அப்புறம் எழுந்த அதிகாரி, இந்தக் குடியிருப்பு பட்டை வேலைக்காகத் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டது, பட்டை வேலை இப்போது இல்லை, ஆகவே அடிவாரத்தில் உங்களுக்குக் கான்கிரீட் வீடு தரப்படும் என்றார். நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார். அந்தத் தற்காலிகத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று.

அக்கா எழுந்தார். முதுகு வளைந்திருந்தது, குரல் வளையவில்லை.

"இந்த மரத்த இங்க யாரு நட்டது?"

இளைஞர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மேஜையைப் பார்த்தார். "அப்போ இருந்தவங்க, அம்மா. அன்னைக்கு இருந்த நெலமையில செஞ்சது" என்றார்.

"நட்டவுங்க வீட்ட எடுக்கலியா?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். இளைஞர் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். அவருக்குத் தெரியாது, பாவம்.

"அம்மா, நீங்க எந்த ஊரு?"

காலனி ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றிடமும் அவர் கேட்ட கேள்வி அவரிடமே வந்து நின்றது. அக்கா திரையில் இருந்த சீகை மரத்தைக் காட்டினார். சிவப்புக் கோடு இன்னும் அதன் மேல் கிடந்தது.

"அது முன் கப்பல்ல வந்துச்சு தம்பி. நான் அடுத்த கப்பல்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இளைஞர் அதற்குப் பிறகு படம் காட்டவில்லை. ஆனால் காலனியைக் காலி செய்யும் நாள் மாறவில்லை. நல்ல பையன்கள் வருத்தப்படுவார்கள். நாள் மாறாது.

அந்த நாளில் நான் போயிருந்தேன். மேலே சீகை வெட்டும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டைகளை ஏற்றிய லாரி முதலில் கிளம்பியது. அதன் பின்னால் மினி லாரியில் கட்டில், பீரோ, தகரப் பெட்டி. மற்ற வீட்டுக்காரர்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஏறினார்கள். ஊற்றச் சொல்லி ஆள் வந்தபோது அக்கா வாசலில் குறுக்கே நின்றார்.

"நான் அணைக்க மாட்டேன். நீங்க இடிக்கிறதா இருந்தா எரியிறதோட இடிங்க."

அப்படியேதான் இடித்தார்கள். ஜேசிபி சுவரைத் தள்ளியபோது கங்கும் சாம்பலும் மண்ணோடு மண்ணாகச் சிதறின. புகை வந்தது. அக்கா வண்டியில் ஏறி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

அடிவாரத்தில், பழனிக்குக் கொஞ்சம் தள்ளி அந்த வீடுகள். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா சிமெண்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் மலையில் போட்ட மப்ளர். உள்ளே கேஸ் அடுப்பு இருந்தது. கங்குக்கு இடமில்லை. கை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

டீத்தூள் வாங்கிப் போயிருந்தேன். எந்த ஊர் என்று கேட்பார் என்று பதிலோடு போயிருந்தேன். பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று, மழைக்கு அப்புறம் மேல்மலைக்குப் போனதைச் சொன்னேன்.

"புல்லு வந்துருச்சா?" என்றார்.

"புல்லு வரல அக்கா. சீகைதான் வந்துருக்கு. விதை மண்ணுல பல வருசமா கெடந்துருக்கு. மேல இருந்த மரம் போனதும் வெயில் பட்டு மொத்தமா முளைச்சுருச்சு. காலனி இருந்த எடம் பூரா ஆள் ஒசரத்துக்கு நிக்கிது."

அக்கா நிமிர்ந்தார்.

"என் வீட்டுலயா?"

"ஒங்க வீட்டுலயும்தான்."

"அடுப்படியில?"

"அங்கதான் ரொம்ப நெருக்கமா நிக்கிது. சூடு பட்டா சீகை வெரசா முளைக்கும்ல."

அக்கா சிரித்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மலை இருந்த திசையில் விரலை நீட்டினார்.

"அதுக்கு யாரு பாய் சீட்டு குடுத்தா?"

அவர் விரலை இறக்காமல், பதில் வரட்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.